விதை விழுந்த வரிசைகள்

யிண்ட்ரா அந்த ஹாப்ஸ் கூம்பை ராடோவானின் உள்ளங்கையில் வைத்தபோது முகத்தில் பெருமை வழிந்தது.

"கனம் பாரு," என்றான். "முப்பத்தி நாலு வருஷமா ஹாப்ஸ் போடறேன். இப்படி ஒரு பருமனை நான் பாத்ததே இல்ல. நாளன்னைக்கு அறுப்பு. வாங்க வர்றவன் வாயைப் பொளக்கப் போறான்."

இருவரும் யிண்ட்ராவின் ஹாப்ஸ் தோட்டத்தின் முதல் வரிசையில் நின்றிருந்தார்கள். ஆகஸ்ட் கடைசி. ஏழு மீட்டர் உயரக் கம்பிகளில் ஏறி நின்ற கொடிகள் மேலே கூரை போட்டிருந்தன. உள்ளே பச்சை வெளிச்சம். ராடோவான் ரயில்வேயில் சிக்னல் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன். எதைக் கையில் கொடுத்தாலும் பிரித்துப் பார்க்காமல் திருப்பித் தர மாட்டான். கூம்பை நடுத்தண்டோடு நீளவாக்கில் பிளந்தான்.

இதழ்களின் அடியில் மஞ்சள் பொடி இருந்தது. அது இருக்க வேண்டியதுதான், பீருக்குக் கசப்பும் மணமும் தருவது அந்தப் பொடி. பொடிக்கு நடுவே கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, பழுப்பாக, உருண்டையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றல்ல. எண்ணினான். ஒன்பது.

"யிண்ட்ரா."

"என்ன?"

"இது விதைடா."

யிண்ட்ரா சிரித்தான். பிறகு கூம்பைப் பார்த்தான். சிரித்த வாய் மூடவில்லை, ஆனால் சத்தம் நின்றுவிட்டது. கைக்கு எட்டிய கூம்புகளைப் பறித்துப் பிய்த்தான். எட்டு. பதினொன்று. ஏழு. நான்காவதைப் பிய்க்கவில்லை, அப்படியே கீழே போட்டான்.

அவன் முகம் ஏன் அப்படி வெளுத்தது என்று சொல்லிவிட வேண்டும். பனையைப் போல ஹாப்ஸிலும் ஆண் வேறு, பெண் வேறு. பீருக்கு ஆகும் கூம்பு பெண்கொடியில்தான் காய்க்கும். ஆண்கொடியில் வருவது சின்னச் சின்னப் பூங்கொத்துகள். அவை ஒரு மாதம் மகரந்தத்தைக் காற்றில் விட்டுவிட்டுக் காய்ந்துபோகும். அந்த மகரந்தம் பெண்கொடியில் விழுந்தால் கூம்புக்குள் விதை பிடிக்கும். விதை பிடித்த கூம்பு பருத்துக் கனக்கும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் செடி தன் சத்தையெல்லாம் விதைக்குக் கொடுத்துவிட்டு மஞ்சள் பொடியில் கஞ்சத்தனம் பண்ணும். அவர்களுடைய ஜாட்டெட்ஸ் வட்டாரத்து ஹாப்ஸுக்கு உலகமெல்லாம் பெயர் இருப்பதே அதில் விதை இல்லை என்பதால்தான். வாங்க வருபவன் குவியலில் கைவிட்டு ஒரு பிடி எடுப்பான், பிய்ப்பான். விதை கண்டால் குவியல் முழுவதையும் ஒதுக்கிவிடுவான்.

அதனால்தான் அவர்கள் ஊரான லிப்கோவில் ஜூன் கடைசி சனிக்கிழமை ஆண்கொடி வேட்டை. கோவில் வாசலில் கூடி, ஓடைக்கரை, வேலி, ரயில்பாதை ஓரம் என்று ஒரு புதர் விடாமல் தேடி, காட்டு ஆண்கொடியை வேரோடு பிடுங்குவார்கள். பத்து வருடமாக வேட்டைக்குத் தலைவன் ராடோவான். முப்பதடி தள்ளி நின்றே ஆண் பூவை அடையாளம் சொல்வான். அதற்குமேல் அது எப்படி வேலை செய்கிறது என்று அரைமணி நேரம் சொல்வான். கேட்பவர்கள் பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியைத் தின்றுகொண்டே கேட்பார்கள்.

"நாம ஓடைக்கரை பூரா பாத்தோம்," என்றான் யிண்ட்ரா. "ரெண்டு தடவை பாத்தோம்."

"பாத்தோம்."

"அப்ப எங்கேர்ந்துடா வந்துச்சு?"

ராடோவான் குனிந்து, யிண்ட்ரா கீழே போட்ட கூம்பை எடுத்தான். அதிர்ச்சி வந்தால் சிலருக்குக் கால் தளரும். அவனுக்கு மூளை கணக்குப் போட ஆரம்பிக்கும்.

"கேளு. மகரந்தம் காத்துலதானே வருது? வர வர விழுந்துகிட்டே வரும். கொடி எங்க இருக்கோ அங்க நெறைய, தள்ளிப்போகப் போகக் கம்மி. உன் நாப்பது வரிசையிலயும் விதையை எண்ணினா எந்தப் பக்கமிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுடும். அது மட்டுமில்ல. எந்த வரிசைக்கு அப்புறம் விதை இல்லன்னும் தெரிஞ்சுடும். அந்த வரிசைகளைத் தனியா அறுத்து, தனியா காயப்போட்டா அதாவது தப்பிக்கும். மொத்தமா சேத்துட்டா மொத்தமும் போச்சு."

யிண்ட்ரா அவனையே பார்த்தான். எல்லா வருடமும் அறுப்பு பாதையோரத்திலிருந்து, இதோ இந்த முதல் வரிசையிலிருந்துதான் தொடங்கும். எல்லாம் ஒரே காயவைக்கும் தளத்தில் கலந்துவிடும்.

"நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள சொல்லிடுவியா?"

"சொல்றேன்."

"இந்த ஊர்ல உன் ஒருத்தனைத்தான் நம்ப முடியும்," என்றான் யிண்ட்ரா. அவன் அப்படியெல்லாம் பேசுகிறவன் இல்லை. சொல்லிவிட்டு அவனே கூச்சப்பட்டு, பழைய பேச்சுக்குத் திரும்பினான். "எனக்குத் தெரிஞ்சு அந்த மில்லுக்காரிதான். பிராகாவுல கடையில வாங்கிட்டு வந்து வாசல் வளைவுல ஏத்தியிருக்காளே, மஞ்சள் எலை ஹாப்ஸ் கொடி. அதுக்குள்ளதான் இருக்கும்."

பழைய மாவு மில் தோட்டத்தின் தெற்கு முனையில் இருந்தது. அதை வாங்கி, வார இறுதியில் வந்து தங்கிப் போகும் அதேலா என்ற அம்மாள் ஊரில் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. தலைநகர் பிராகாவிலிருந்து வந்தாள் என்பதைத் தவிர அவள்மேல் குற்றமும் இல்லை.

மறுநாள் காலை ராடோவான் எட்டு பைகளோடு தோட்டத்தில் இறங்கினான். நாற்பதிலிருந்து பத்துவரை ஐந்து வரிசைக்கு ஒரு வரிசை, கடைசியில் முதல் வரிசை. ஒவ்வொன்றிலும் வடக்கு முனை, நடு, தெற்கு முனை என்று மூன்று இடம். இடத்துக்குப் பத்துக் கூம்பு. மொத்தம் இருநூற்று நாற்பது. வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை மேசையில் கொட்டினான்.

"இது நாலு பேர் சாப்பிடற மேசை," என்றாள் அவன் மனைவி லிபுஷே.

"இன்னைக்கு மட்டும். உக்காரு, நீ பிளந்து போடு, நான் எண்றேன்."

"நீ எண்ணினா நடுவுல விளக்கம் சொல்வே. நான் எண்றேன், நீ பிள."

அப்படியே செய்தார்கள். பிசின் ஒட்டி இருவர் விரலும் கறுத்தது. தோட்டத்தை வரைந்த தாளில் அந்தந்த இடத்தில் எண்ணை எழுதினான். நாற்பதாவது வரிசையில் மூன்று இடத்திலும் பூஜ்யம். முப்பத்தைந்தில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். முப்பதிலும் அப்படியே. இருபத்தைந்திலும் பூஜ்யம்தான். ராடோவானுக்கு மூச்சு இலகுவாக வந்தது. பாதித் தோட்டம் தப்பிக்கும். இருபதில் ஆறு. பாதையைத் தாண்டிப் போய் இடைப்பட்ட வரிசைகளிலும் பறித்துவந்து பிளந்தான்; இருபத்து மூன்றிலிருந்து சுத்தம். பத்தில் முப்பது தாண்டியது.

முதல் வரிசை கடைசியில் வந்தது. வடக்கு முனை, முப்பத்தெட்டு. தெற்கு முனை, நாற்பத்தொன்று. நடு, தொண்ணூற்று நாலு.

"மில் இல்ல," என்றான் ராடோவான். உற்சாகம் வந்துவிட்டது. "பாத்தியா? மில் தெக்கு முனையில இருக்கு. அங்கேர்ந்து வந்திருந்தா தெக்கு முனைதான் நெறைய இருக்கணும். நடுவுலதான் நெறைய. அப்ப மேக்கால, பாதைக்கு அந்தப் பக்கம்."

சமமான எண்களைப் பென்சிலால் இணைத்தான். குளத்தில் கல் போட்டால் விரியும் வளையங்களைப் போலக் கோடுகள் வந்தன. ஆனால் எல்லாம் அரைவளையங்கள். மையம் தாளில் இல்லை, தாளின் விளிம்பைத் தாண்டி மேசையில் எங்கோ இருந்தது. இன்னொரு தாளை ஒட்டுநாடாவால் பக்கத்தில் ஒட்டினான். அதில் பாதையை வரைந்தான், பாதைக்கு அப்பால் வீடுகளை வரிசையாகக் கட்டமிட்டான். பிறகு காம்பஸை வைத்து வளையங்களை முடித்தான்.

காம்பஸின் முள் ஒரு கட்டத்தில் குத்தி நின்றது.

லிபுஷே எட்டிப் பார்த்தாள். "அது நம்ம வீடு," என்றாள்.

"சுமாரா அந்தப் பக்கம். அஞ்சு பத்து மீட்டர் முன்னபின்ன இருக்கும். காத்து நேரா அடிக்காது, கட்டடத்துல மோதித் திரும்பும். அதாவது..."

"ராடோவான். ஜூலையில மாடி ஜன்னல் கட்டையில மஞ்சத் தூசி இருந்துச்சு."

"அது பைன் மரத்துது. அன்னைக்கே சொன்னேனே."

"சொன்னே. கால் மணி நேரம் சொன்னே. பைன் மே மாசம்தானே பூக்கும்னு கேட்டேன். இந்த வருஷம் குளிர் தள்ளிப்போச்சுன்னு சொன்னே. காயப்போட்ட வெள்ளைத் துணியெல்லாம் மறுபடி துவைச்சேன் நான்."

அவன் எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதை நிமிர்த்தாமல் மாடிப்படி ஏறினான்.

அந்த வீட்டின் கிழக்குச் சுவரில், தோட்டத்தைப் பார்த்தபடி, தரையிலிருந்து மாடி ஜன்னல்வரை மூன்று கயிறுகள் கட்டியிருந்தன. மூன்றிலும் ஹாப்ஸ். ராடோவான் துணி துவைக்கும் அறையில் ஐம்பது லிட்டர் அண்டா வைத்து வீட்டுக்கு பீர் காய்ச்சுகிறவன். பதினோரு வருடம் முன்பு அவன் ஓய்வு பெற்ற அன்று யிண்ட்ரா தன் தோட்டத்திலிருந்து ஒரு வேர்த்துண்டு வெட்டிக் கொடுத்தான். ஊரில் எந்த வீட்டுச் சுவரில் ஹாப்ஸ் இருந்தாலும் அது யாரோ தோட்டக்காரன் கொடுத்த வேர்த்துண்டுதான். பெண்கொடியின் வேரைத் துண்டுபோட்டு நட்டால் பெண்ணேதான் வரும், வேறு வர வழியில்லை. அதனால்தான் வேட்டைக்குப் போகிறவர்கள் வீடுகளைப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டாம் என்று சொன்னவனே ராடோவான்தான்.

முதல் இரண்டு கயிற்றில் கூம்புகள் கொத்துக்கொத்தாகத் தொங்கின. மூன்றாவது கயிறு புதிது. இரண்டு வருடம் முன்பு வேருக்குப் பக்கத்தில் ஒரு தளிர் தலைநீட்டியது. தாய்வேர் பக்கவாட்டில் ஓடிப் புதுத்தளிர் விடுவது வழக்கம்தான். நல்ல வளர்த்தி என்று மகிழ்ந்து அதற்கும் ஒரு கயிறு கட்டினான். போன வருடம் ஜன்னலுக்குக் கீழே நின்றது, இந்த வருடம் கூரையைத் தொட்டது. ஏன் காய்க்கவில்லை என்று லிபுஷே கேட்டபோது, இளங்கொடி, மூன்றாம் வருடம்தான் காய்க்கும் என்று அதற்கும் விளக்கம் சொன்னான். முழங்கால் வலியால் ஏணி ஏறுவதை விட்டு இரண்டு கோடை ஆகிவிட்டது.

ஜன்னலைத் திறந்தான். மூன்றாவது கயிற்றின் உச்சி முகத்துக்கு நேராக இருந்தது. ஒரு கூம்பு இல்லை. கணுவுக்குக் கணு, உலர்ந்த நூல்கொத்துகள். பூத்து, கொட்டி, வேலையை முடித்துவிட்டுக் காய்ந்துபோன ஆண் பூக்கள். ஓடைக்கரையில் முப்பதடி தள்ளி நின்று அடையாளம் சொல்லும் அதே பூக்கள். ஒரு கொத்தைத் தொட்டான், பொடிந்து கட்டையில் விழுந்தது.

பக்கத்துக் கயிற்றிலிருந்து ஒரு கூம்பைப் பறித்துப் பிளந்தான். பதிமூன்று விதை.

"எப்படி வந்துச்சு?" லிபுஷே பின்னால் வந்து நின்றிருந்தாள்.

அவனுக்கு அதுவும் தெரிந்தது. தெரியாமல் இருந்திருக்கலாம் என்று வாழ்க்கையில் முதல்முறையாக நினைத்தான்.

"ஓடைக்காரி," என்றான்.

மூன்று வருடம் முன்பு ஓடைக்கரையில் வளர்ந்த காட்டுக் கூம்புகளைப் பறித்து ஒரு பீர் காய்ச்சினான். ஓடைக்காரி என்று பெயர் வைத்தான். தீயணைப்புப் படைக் கூடத்தில் நடக்கும் வீட்டு பீர் போட்டியில் அதற்குத்தான் முதல் பரிசு. யிண்ட்ரா நாலு குவளை குடித்துவிட்டு மேசைமேல் ஏறிப் பாடினான். காட்டுக் கூம்பில் விதை இருக்கும் என்பது யாருக்கும் தெரிந்ததுதான். அண்டாவில் போட்ட கூம்பின் விதை ஒன்றரை மணி நேரம் கொதித்து வெந்துபோகும், முளைக்காது. ஆனால் அண்டாவில் போடாமல் மிஞ்சிய அரைச்சாக்கு இருந்தது. வீணாக்குவானேன் என்று அதைத் தன் கொடிக்கு அடியில் மண்மூடாக்காகப் பரப்பினான். தன் கையால், ஒரு பனிக்காலம் முழுக்க ஈரத்தில் ஊறும்படி.

"வேர்த்தளிர் இல்ல அது," என்றான். "விதைக்கன்னு. நான்தான் விதைச்சிருக்கேன். கயிறு கட்டி ஏத்திவிட்டிருக்கேன்."

லிபுஷே கட்டையில் விழுந்த தூளைத் துடைக்கக் கை நீட்டினாள். பிறகு துடைக்காமல் கையை இழுத்துக்கொண்டாள்.

"இருபத்தி மூணாவது வரிசையிலேர்ந்து நல்லாயிருக்குன்னு மட்டும் சொன்னா போதாதா?" என்று மெல்லக் கேட்டாள். "தாளைக் காட்டணுமா? இன்னும் ஒரு மாசத்துல இதெல்லாம் காஞ்சு விழுந்துடும். யாரு மேல பாக்கப்போறா?"

அவனும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தான். வரிசையை மட்டும் சொன்னால் யிண்ட்ராவின் பாதித் தோட்டம் பிழைக்கும். யிண்ட்ராவின் நட்பும் மிஞ்சும். புதன்கிழமை சாயந்திரம் குவளையோடு வந்து துணி துவைக்கும் அறைப் படியில் உட்காருவான். முப்பது வருடமாக உட்காருகிறான். இரண்டும் கிடைக்கும் என்றால் ஒரு தாளை மடித்து அடுப்பில் போடுவதில் என்ன இருக்கிறது?

கீழே பாதையில் டிராக்டர் சத்தம் கேட்டது. ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிந்தது. யிண்ட்ரா. இருக்கைக்குப் பக்கத்தில் கொடுவாள். தெற்கே, மில்லைப் பார்த்துப் போனான்.

ராடோவான் தாளைச் சுருட்டிக்கொண்டு ஓடினான். முழங்கால் அவனைத் திட்டியது.

மில் வாசலில் டிராக்டர் எஞ்சின் அணைக்கப்படாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. மஞ்சள் இலைக் கொடி ஏறிய வளைவுக்கு முன்னால் அதேலா நின்றாள். தோட்டக் கையுறை, நெற்றியில் ஏற்றிவிட்ட சிவப்புச் சட்டக் கண்ணாடி.

"வெட்டணும்னா வெட்டுங்க," என்றாள். "எதுக்குன்னு சொல்லிட்டு வெட்டுங்க."

"உங்க கொடியால என் தோட்டம் போச்சும்மா. நகருங்க."

"டேய், நிறுத்து," என்றான் ராடோவான். மூச்சு வாங்கியது.

யிண்ட்ரா திரும்பினான். "வந்துட்டியா? கணக்கு முடிஞ்சுதா? இவங்களுக்கே விளக்கிச் சொல்லு, உனக்குத்தான் நல்லா வரும்."

"இது பொம்பளைக் கொடிடா. காய் தொங்குது பாரு, கண்ணு தெரியலையா?"

"உள்ள ஆண் ஒண்ணு ஒளிஞ்சிருக்கும்."

"இல்ல. இங்கேர்ந்து வரல." தாளை நீட்டினான்.

யிண்ட்ரா வாங்கி, தூரப்பிடித்து, கிட்டப்பிடித்து, சட்டைப்பையைத் தடவினான். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தான். அதேலா தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். அந்தச் சிவப்புச் சட்டம் மூக்கில் உட்கார, யிண்ட்ரா நாற்பதாவது வரிசையில் விரலை வைத்தான். பூஜ்யங்களைத் தாண்டினான். இருபத்தைந்து. இருபது. பத்து. முதல் வரிசையின் நடுவில் விரல் நின்றது. பிறகு வளையத்தின் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஒட்டுநாடாவைக் கடந்து இரண்டாவது தாளுக்குப் போனது. முள் குத்திய ஓட்டையில் வந்து நின்றது.

"இது யார் வீடு?" என்று கேட்டான். ஊரில் பிறந்து வளர்ந்தவன், பாதையின் ஒவ்வொரு கட்டமும் அவனுக்குத் தெரியும்.

"என்னோடது."

யிண்ட்ரா கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தான்.

"என் கெழக்குச் சுவர்ல மூணாவது கயிறு. ஆண்கொடி. ஓடைக்காரிக்குப் பறிச்ச கூம்புல மிச்சத்தை வேருக்குப் போட்டேன். அதுல மொளைச்சது. தளிர்னு நெனச்சுட்டேன். நாலு மீட்டருக்கு மேல நான் பாக்கவே இல்லடா."

யிண்ட்ரா டிராக்டரின் படியில் உட்கார்ந்தான். கொடுவாளைப் புல்லில் வைத்தான். திட்டுவான் என்று ராடோவான் காத்திருந்தான். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"நாலு குவளை குடிச்சேன் அதை," என்றான் கடைசியில். "மேசைமேல ஏறிப் பாடினேன்."

"ஆமா."

"எந்த வரிசையிலேர்ந்து நல்லாயிருக்கு?"

"இருபத்தி மூணு."

"அப்ப நாளைக்கு அந்தக் கோடியிலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லணும்." எழுந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, அதேலாவிடம் கொடுத்தான். "மன்னிச்சுக்குங்கம்மா," என்றான். ராடோவானைப் பார்க்காமல் டிராக்டரில் ஏறிப் போனான்.

இருபத்து மூன்று முதல் நாற்பது வரையிலான குவியலை வாங்க வந்தவன் பிய்த்துப் பார்த்து, முத்திரை வைத்து எடுத்துப்போனான். மிச்சத்தைத் தொட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். அந்த வாரமே ராடோவான் மூன்று கயிறுகளையும் அறுத்து, மண்வெட்டியோடு இறங்கினான். ஆணின் வேரும் பெண்ணின் வேரும் ஒன்றையொன்று சுற்றி ஒரே முடிச்சாக இருந்தன, பிரிக்க முடியவில்லை. யிண்ட்ரா கொடுத்த பதினோரு வருட வேரையும் சேர்த்துத் தோண்டி எடுத்து எரித்தான். ஒரு பனிக்காலம் முழுக்கப் புதன்கிழமைகள் வந்து போயின. துணி துவைக்கும் அறைப் படியில் யாரும் உட்காரவில்லை.

ஜூன் கடைசி சனிக்கிழமை காலை கோவில் மணி அடித்தும் ராடோவான் வேட்டைக்குக் கிளம்பவில்லை. கொஞ்ச நேரத்தில் கேட்டருகே பேச்சுச் சத்தம் கேட்டது. ஊரே வாசலில் நின்றது. முன்னால் யிண்ட்ரா, தோளில் தன் வீட்டு ஏணி. பின்னால் சிவப்புக் கண்ணாடியோடு அதேலாவும் நின்றாள், கையில் ரொட்டிக் கூடை.

"இந்த வருஷம் வேட்டை இங்கேர்ந்து ஆரம்பம்," என்றான் யிண்ட்ரா.

"சுவர் மொட்டையா இருக்குடா. ஒரு கயிறுகூட இல்ல."

"தெரியுது. நீ ஏறு. ஆண்கொடி எப்படி இருக்கும்னு உனக்குத்தானே நல்லாத் தெரியும்?"

சிலர் சிரித்தார்கள். யிண்ட்ரா சிரிக்கவில்லை, ஏணியைச் சுவரில் சாய்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ராடோவான் ஏறினான். ஒவ்வொரு படிக்கும் முழங்கால் முனகியது. நாலு மீட்டர் தாண்டினான். ஜன்னல் தாண்டினான். கூரைவிளிம்பில் ஓடும் மழைநீர்த் தகரத்துக்கு மேல் தலையை நீட்டினான்.

தகரத்துக்குள் போன வருடத்துச் சருகும் மண்ணும் நாலு விரல் உயரத்துக்குப் படிந்திருந்தன. அதன் நடுவில், ஓரம் பல்பல்லாக வெட்டிய இரண்டு இலைகளோடு ஒரு கன்று. பக்கத்தில் இன்னொன்று. தள்ளி, மூன்று. விதை பிடித்த அவன் சொந்தக் கூம்புகள் போன வருடம் கயிறுகளை அறுக்கும் முன்பே காற்றில் இங்கேயும் உதிர்ந்திருக்கின்றன.

ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டான். விரல் நீள உயரம்தான். ஆணா பெண்ணா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

"ஏதாவது இருக்கா?" கீழிருந்து யிண்ட்ரா கேட்டான்.

"இருக்கு," என்றான் ராடோவான். "அஞ்சு இருக்கு. பை குடு."